உங்க நம்பர் நல்லாத்தான் இருக்கு மேடம்

போன் தண்ணியில விழுந்தா ஒரு சத்தம் வரும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒண்ணும் வரல. பாண்டிச்சேரி பக்கத்துல நோணாங்குப்பத்துல போட் ஏறி பீச்சுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். மாதா கோயில்ல எங்க தெரு ஜெபக் குழு, அன்பியம்னு சொல்வோம், அந்தப் பொம்பளைங்க பாட்டும் கும்மாளமுமா வந்தாங்க. நான் மட்டும் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தேன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்கா கூப்பிடுவா. போட் ஒரு ஆட்டம் ஆடுச்சு, கை நழுவுச்சு, அவ்ளோதான். பச்சைத் தண்ணிக்குள்ள கொஞ்ச தூரம் அதோட வெளிச்சம் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல.

ஐயோ ஐயோன்னு எல்லாரும் கத்துனாங்க. போட்காரரு மட்டும் அலட்டிக்காம, "விடுங்கம்மா, இதுக்கடியில ஒரு செல்போன் கடையே இருக்கு"ன்னார். எனக்கு வந்துச்சே கோவம்! கரை வர்ற வரைக்கும் அவர் முகத்தையே நான் பாக்கல.

அக்கா பிரான்சுல இருக்கா. என்னைவிடப் பத்து வயசுக்கு மேல மூத்தவ. அவ கட்டிக்கிட்டது ஒரு சொல்தாவை. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை எங்க ஊருல அப்படித்தான் சொல்வோம். அவரு போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. இப்ப அவ வயசானவங்களைப் பாத்துக்கிற இல்லத்துல இருக்கா. ஜன்னலோரமா கட்டில், கட்டில் பக்கத்துல ஒரு போன். மகன் வேற ஊர்ல. தங்கமான புள்ளை, ஆனா தமிழ் வராது. எனக்கோ பிரெஞ்சு வராது. அக்காவை சிஸ்டருங்க நடத்துன பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. என் முறை வந்தப்ப, வீட்டுக்கு ஒருத்தி பிரெஞ்சு பேசினாப் போதும்னு என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல தள்ளிட்டாங்க. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் தீரல.

கொஞ்ச வருஷமா அக்காவுக்கு மறதி. சாவியை எங்க வச்சேன்னு தேடுற மறதி இல்ல. புருஷன் செத்ததே மறந்துபோச்சு, அவரு ஏன் இன்னும் வரலன்னு கேக்குறா. பேரப்புள்ளைங்க பேரு போச்சு. மீன் கொழம்புக்குப் புளி ஊத்தணுமான்னு என்னையே கேட்டா, எனக்குக் கொழம்பு வைக்கக் கத்துக் குடுத்தவளே அவதான். ஆனா ஒண்ணு மட்டும் போகல. என் செல் நம்பர்.

நான் மொத மொதல்ல செல்போன் வாங்கினப்ப அவ லீவுக்கு இங்க வந்திருந்தா. ரெண்டு பேரும் சாயங்காலம் பீச் ரோட்டுல நடந்துக்கிட்டே அந்த நம்பரைப் பிரெஞ்சுல மனப்பாடம் பண்ணா. பிரெஞ்சுக்காரங்க போன் நம்பரை ஜோடி ஜோடியாத்தான் சொல்வாங்களாம். அக்கா அதை ஜெபமாலை சொல்ற ராகத்துல இழுத்து இழுத்துச் சொன்னா. அலை சத்தத்தோட அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே தூக்கம் வந்துடும். அப்படி உள்ள எறங்குனதாலயோ என்னவோ, எல்லாம் போன பின்னாடியும் அது மட்டும் அவ வாயிலயும் விரல்லயும் நின்னுச்சு. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் போனை எடுத்து, முணுமுணுத்துக்கிட்டே நம்பரை அமுக்குவா. இங்க நெல்லித்தோப்புல எனக்கு மணி அடிக்கும். "பாப்பா"ன்னு ஆரம்பிப்பா. எனக்கு வயசு அறுபதைத் தாண்டிடுச்சு, ஊர் முழுக்க ரவிக்கை தச்சுக் குடுத்துக் கண்ணுக்குக் கண்ணாடி வந்துடுச்சு, இன்னமும் நான் பாப்பாதான்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. அவளா கூப்பிடுறப்ப என்னைத் தெரியும். நானா கூப்பிட்டாத் தெரியாது. ஒரு வாட்டி அவ மகன் வீடியோவுல காட்டினான். நான் ஆசை ஆசையாப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அக்கா என் முகத்தை நல்லாப் பாத்துட்டு, "பொன்ழூர் மதாம்"னு மரியாதையா வணக்கம் சொன்னா. சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அன்னிக்கு அந்தப் புடவையை அவுத்து மடிக்கக்கூட எனக்குத் தெம்பில்ல. அதுலருந்து நான் கூப்பிடுறதே இல்ல. அவ கூப்பிட்டாத்தான் நான் தங்கச்சி, நான் கூப்பிட்டா யாரோ.

அதனால அந்த நம்பர் எனக்கு எவ்ளோ முக்கியம்னு பாத்துக்குங்க. மறுநாளே கடைக்கு ஓடி, மிஷின்ல விரல் ரேகை வச்சு, அதே நம்பருக்கு வேற சிம் வாங்கி, வேற போனும் வாங்கிட்டேன். எதுர் வீட்டுப் பொண்ணை விட்டு மிஸ்டு கால் குடுக்கச் சொன்னேன், மணி அடிச்சுது. சரி, பொழச்சோம்னு இருந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை போன் வரல. உடம்பு சரியில்லையோன்னு எதுர் வீட்டுப் பொண்ணை விட்டு அக்கா மகனுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் அனுப்பச் சொன்னேன். அம்மா நல்லா இருக்காங்க, நல்லா சாப்புடுறாங்கன்னு பதில் வந்துச்சு. அதுக்கடுத்த ஞாயிறும் வரல. அப்பதான் எனக்குப் பட்டுச்சு, இது இந்தக் கம்பெனிக்காரன் வேலைன்னு. சிம் மாத்துனப்ப வெளிநாட்டு லைனைப் புடுங்கிவிட்டுட்டான். அக்கா அங்க அடிச்சுக்கிட்டே இருக்கா, இங்க எனக்கு விழல. ஒருத்தன் மேல பழி போட்டுட்டா மனசுக்கு எவ்ளோ சுகமா இருக்குது தெரியுமா? அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்.

மறு ஞாயித்துக்கிழமை மத்தியானம், தெருவுல கடையெல்லாம் ஷட்டர் போட்டு ஊரே கண்ணசந்து கெடக்குற நேரத்துல, தரையில பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டுக் கஸ்டமர் கேருக்குப் போட்டேன். மொதல்ல ஒரு மிஷின்காரி வந்தா. தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்னா. அழுத்துனேன். ரீசார்ஜுக்கு ஒன்றை அழுத்தவும், புதிய திட்டங்களுக்கு இரண்டை அழுத்தவும்னு அவ பாட்டுக்கு வாசிக்கிறா. "என் அக்கா லைன் வரலடி, அதுக்கு எதை அழுத்துறது?"ன்னு நானும் கேக்குறேன். அதுக்கு மட்டும் நம்பர் வைக்கல பாவிங்க. எதையெதையோ அழுத்தி, திரும்ப மொதல்லருந்து வந்து, கடைசியில எங்கள் அதிகாரிகள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள்னு சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிட்டா.

வாயில்லாத பாட்டு. ஒரே புல்லாங்குழல், சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வருது. போனை ஸ்பீக்கர்ல போட்டு நெஞ்சு மேல வச்சுக்கிட்டேன். மேல ஃபேன் சுத்துது. ஜன்னல் திரைக்குப் பின்னாடி வெயில் மஞ்சளா நிக்குது. எனக்குக் கண்ணு சொக்கிடுச்சு. தூக்கமும் இல்ல, முழிப்பும் இல்ல. நோணாங்குப்பத்துத் தண்ணிக்கடியில என் பழைய போன் கெடக்குறது நல்லாத் தெரிஞ்சுது. வெளிச்சம் அணையாம அப்படியே இருக்கு. மேல போட்டுங்க நெழல் நெழலாப் போகுது. அக்கா கூப்பிடுறா, அது அடியில கெடந்து மணி அடிக்குது. மடவை மீனெல்லாம் கூட்டமா வந்து சுத்தி நின்னு கேக்குதுங்க. ஒரு நண்டு வந்து கொடுக்கால ஒரு தட்டுத் தட்டி, "அலோ"ங்குது. "பாப்பா, சாயங்காலம் மழை வருமா அங்க?"ன்னு அக்கா குரல் தண்ணிக்குள்ள குமிழியாப் போகுது. அடப்பாவி நண்டே, குடுடா என்கிட்டன்னு கையை நீட்டுறேன்.

"வணக்கம் மேடம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. நெஞ்சு மேலருந்து ஒரு சின்னப் பொண்ணு பேசுது. தெற்கத்திப் பக்கத்துக் குரல். அவளுக்குப் பின்னாடி பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி எத்தனையோ குரலுங்க.

"வெளிநாட்டு லைனை ஏம்மா புடுங்குனீங்க?"ன்னேன் எடுத்த எடுப்புலயே.

"உங்க பிரச்சனைய நான் புரிஞ்சுக்கறேன் மேடம். உங்க மொபைல் நம்பரைச் சொல்லி உறுதிப்படுத்துங்க."

எனக்கு அப்பதான் உறைச்சுது. என் நம்பரை நான் யாருக்கும் வாயால சொன்னதே இல்ல. ரவிக்கைக்கு அளவு குடுக்க வர்றவங்க கேட்டா, உன் நம்பர் சொல்லு, மிஸ்டு கால் குடுக்குறேன்னு சொல்வேன். அதுதானே வழக்கம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அக்கா பாடுன பாட்டுத்தான். சரின்னு கண்ணை மூடிக்கிட்டு, மனசுக்குள்ள அவ ராகத்தைப் புடிச்சு, ஒவ்வொண்ணா தமிழ்ல மாத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். கத்ர-வேன், அது எண்பது. திஸ்-உய்த், அது பதினெட்டு. இப்படியே கடைசி வரைக்கும்.

"மேடம், இதுல பன்னெண்டு எண் வருது. பத்துதான் இருக்கணும்."

"அது உன் கணக்கும்மா. என் அக்கா இப்படித்தான் போடுறா, எனக்கு மணி அடிக்குது."

"இல்ல மேடம், எண்பது பதினெட்டுன்னு ஆரம்பிக்கல. நீங்க எந்த நம்பர்லருந்து பேசறீங்கன்னு எனக்கு ஸ்க்ரீன்ல வருது. தொண்ணூத்தெட்டுன்னு ஆரம்பிக்குது."

தொண்ணூத்தெட்டா? எழுந்து உக்காந்தேன். எண்பது, பதினெட்டு. எண்பதும் பதினெட்டும். அட கடவுளே, கூட்டணும்! கத்ர-வேன்-திஸ்-உய்த்ன்னா அது ஒரே எண்ணு. எண்பதோட பதினெட்டைச் சேத்துத் தொண்ணூத்தெட்டுன்னு சொல்றான் அந்த வெள்ளைக்காரன், நான் இத்தனை வருஷமா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டிருந்திருக்கேன். ஒரு நம்பர் சொல்றதுக்குள்ள கணக்குப் போட வைக்கிறானே, என்ன ஜாதி மனுஷங்கப்பா இவங்க. விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியல. இருந்தாலும் என் சிரிப்பைக் கேட்டு அவளும் களுக்குன்னு சிரிச்சுட்டா, உடனே அடக்கிக்கிட்டா. அதிகாரி யாராவது பாத்திருப்பாங்க.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம், செக் பண்ணிச் சொல்றேன்."

திரும்பவும் அந்தப் புல்லாங்குழல். இந்த வாட்டி எனக்குச் சொக்கல. சந்தோஷமா இருந்துச்சு. கோளாறு என்னன்னு கண்டுபுடிச்சு ஒரு பட்டனைத் தட்டிவிடுவா, சாயங்காலம் அக்கா வந்துடுவா. எண்பதும் பதினெட்டும் கதையை அவளுக்குச் சொல்லணும். பிரெஞ்சு படிக்காத உன் தங்கச்சியோட லட்சணத்தைப் பாருன்னு சொன்னா விழுந்து சிரிப்பா.

"காத்திருந்ததுக்கு நன்றி மேடம். நல்லாப் பாத்துட்டேன்." அவ குரல்ல அப்படி ஒரு உற்சாகம். "உங்க நம்பர் நல்லாத்தான் இருக்கு மேடம். ஒரு பிரச்சனையும் இல்ல. வெளிநாட்டு கால் எதையும் நாங்க தடுக்கல."

"அப்ப ஏம்மா வரல?"

"கால் எதுவும் வரல மேடம். வந்திருந்தா உங்களுக்குக் கட்டாயம் அடிச்சிருக்கும்."

லைன் நல்லா இருக்கு. சிம் நல்லா இருக்கு. நான் நல்லா இருக்கேன். அப்ப அறுந்து போனது எது? அங்க அந்த ஜன்னலோரமா, கடைசியா நின்னுக்கிட்டிருந்த அந்த ஒண்ணும் போயிடுச்சா? நம்பர் போயிடுச்சுன்னா நானும் சேந்து போயிட்டேன்னுதானே அர்த்தம். பயமா இருந்துச்சு. அம்மா செத்தன்னிக்குக்கூட அப்படிப் பயம் வரல, ஏன்னா அன்னிக்கு அக்கா இருந்தா.

"எதுக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக்க கண்ணு"ன்னேன்.

"கோளாறே இல்லாம எப்படி மேடம் எழுதறது?"

"இருக்குதுன்னு எழுதிக்கம்மா. இன்னொரு வாட்டி பாரு. எங்கயாச்சும் ஒரு ஒயர் பிஞ்சிருக்கும். கடலுக்கடியில வருதாமே, அங்க பிஞ்சிருக்கும். உனக்குப் புண்ணியமாப் போகும், கோளாறுன்னு சொல்லிடு."

அவ மெதுவா, மேடம்ங்கிறதை விட்டுட்டு, "யாரும்மா கூப்பிடணும் உங்கள?"ன்னு கேட்டா.

சொன்னேன். முன்ன பின்ன தெரியாத பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மறதி, ஜன்னல், பட்டுப்புடவை, பொன்ழூர் மதாம், எல்லாத்தையும். அழுதுட்டேன்.

"நீங்களே கூப்பிடலாமேம்மா."

"நான் கூப்பிட்டா நான் யாரோ ஆயிடுறேன்மா."

"எங்ககிட்ட பேசறவங்க எல்லாரும் யாரோதாம்மா. நாங்க பேசலையா?"

அவ பெருசா எதுவும் நெனச்சுச் சொல்லல, வாயில வந்ததைத்தான் சொன்னா. ஆனா எனக்கு அது எங்கயோ போய்ப் பட்டுச்சு. வெளிநாட்டுக்குப் போடுறதுக்கு வழி பண்ணிக் குடும்மான்னேன். அதுக்குன்னு ஒரு ரீசார்ஜ் பேக் இருக்குன்னு சொல்லி, எதை அழுத்தணும், மெசேஜ் வந்ததும் என்ன பண்ணணும்னு பொறுமையா ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தா. எல்லாம் முடிஞ்சதும் குரலை மாத்திக்கிட்டு, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"னு கேட்டா. நீ எந்த ஊரும்மான்னு கேட்டேன். அதைச் சொல்லக்கூடாதாம். நல்லா இரு தாயின்னு வச்சுட்டேன்.

அக்கா கட்டில் பக்கத்துப் போன் நம்பரை அவ மகன்கிட்டருந்து எதுர் வீட்டுப் பொண்ணு வாங்கிக் குடுத்துச்சு. வெளிச்சம் மங்குற நேரம். மாதா கோயில் மணி அடிச்சு ஓய்ஞ்சிருந்துச்சு. தையல் மிஷின் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு நம்பரை அமுக்குனேன். நம்ம ஊரு மணி மாதிரி இல்ல அந்த மணி. நீளமா ஒண்ணு, அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல, திரும்ப நீளமா ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அந்த ரூம், அந்தக் கட்டில், வெள்ளை வெளிச்சம் வர்ற ஜன்னல் எல்லாம் வந்து வந்து போச்சு.

"அலோ?"

அக்காதான். அக்கான்னு கூப்பிட்டா, யாருன்னு கேட்டுடுவாளோன்னு பயம். பயத்துல என் வாயிலருந்து மத்தியானம் கேட்டதுதான் அப்படியே வந்துச்சு. "வணக்கம் மேடம்"ன்னேன்.

"பாண்டிச்சேரி லைனா?"ன்னா தமிழ்ல, அந்தக் காலத்துல டிரங்க் கால் போட்டுக் குடுக்குற ஆபீஸ் பொண்ணுகிட்ட கேக்குற மாதிரி.

"ஆமா மேடம்."

"அப்பாடா. நல்லவேளை, கெடச்சம்மா நீ. எவ்ளோ நாளாத் தேடுறேன்." மூச்சு வாங்குது அவளுக்கு. "என் தங்கச்சிக்குப் போன் போட்டுக் குடு. நம்பர் என்கிட்டதான் இருந்துச்சு. எங்கயோ வச்சுட்டேன், காணல."

"உங்க தங்கச்சி பேரு சொல்லுங்க மேடம்."

என் பேரைச் சொன்னா. கோயில்ல ஞானஸ்நானத் தண்ணி ஊத்தி வச்ச பேரை, முழுசா, ஒரு எழுத்துக் கொறையாம சொன்னா. ஸ்டூல் விளிம்பைப் புடிச்சுக்கிட்டேன்.

"நெல்லித்தோப்புல இருக்கா. தையக்காரி. மிஷின் சத்தத்துல மொதல்ல மணி கேக்காது, நீ விடாம அடிக்கணும். கோவக்காரி வேற, எடுத்ததும் உன்னைத் திட்டுவா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. நெஞ்சுல ஒண்ணும் இருக்காது அவளுக்கு. சீக்கிரம் போட்டுக் குடும்மா. நான் கூப்பிடலன்னா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. ஒரு வாய் சாப்புட மாட்டா, அப்படி ஒரு பைத்தியம் அது."

நம்பர் போயிடுச்சு. நான் போகல. எனக்கு அங்கயே கத்தணும் போல இருந்துச்சு. ஆனா அவ ஒரு ஆபீஸ் பொண்ணுகிட்ட நம்பிக்கையாக் கேட்டுக்கிட்டிருக்கா, நடுவுல நான் பூந்து கெடுத்துடக்கூடாது.

"லைன்லயே இருங்க மேடம். இதோ குடுக்குறேன்"ன்னேன்.

போனை மடியில வச்சுக் கையால பொத்திக்கிட்டேன். முந்தானையால முகத்தைத் துடைச்சேன். தெருவுல பால்காரர் சைக்கிள் மணி போச்சு. எதுர் வீட்டுல லைட்டைப் போட்டாங்க. குரல் நடுங்காதுன்னு தோணுன அப்புறம் போனைக் காதுல வச்சேன்.

"அக்கா."

"பாப்பா! எங்கடி போயிருந்த இத்தனை நாளா?"

"இங்கதாங்க்கா இருக்கேன்."

"சாப்புட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"எனக்குத் தெரியும்"னா அக்கா. "அந்தப் பொண்ணுகிட்ட இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."